ஏழாம் வீட்டுச் செவ்வாய்

பைராம் தோட்டத்திலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போன முதல் ஆள் நான். பாதியில் திரும்பி வந்த முதல் ஆளும் நானே. கம்ப்யூட்டர் படிப்பில் இரண்டு வருஷம் தள்ளினேன், அதற்குமேல் முடியவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னதில் எது நிஜம் என்று எனக்கே மறந்துவிட்டது.

1992-இல் ஜுருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி மூடி செய்கிற இயந்திரம். மூடி விழும், நான் பார்ப்பேன். காலை ஏழு மணிக்கு விட்டதும் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி, பினாங்கு ஸ்ட்ரீட்டில் கார்த்திகேசு ஐயாவின் மாடி அறைக்குப் போவேன். மதியம் வரை அங்கே. அதன் பிறகுதான் தூக்கம்.

மாடிப்படிக்குக் கீழே ‘கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம்’ என்று பலகை தொங்கியது. கார்த்திகேசு ஐயா ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கையால் ஜாதகம் கணித்தவர். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. “மனுசன் களைச்சுப் போவான் தம்பி. மெசின் களைக்காது” என்பார். மெசினுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் தூங்கி இருபது மணி நேரமாகிறது என்பதை அவர் பொருட்படுத்தியதில்லை.

புரோகிராம் முழுக்க நான் எழுதியது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அதில் பாதி பொய். கட்டம் போடுவது, பொருத்தம் பார்ப்பது, பிரிண்டரில் அடிப்பது எல்லாம் என்னுடையவை. எந்த நேரத்தில் எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது என்ற கணக்கு மட்டும் ஈப்போவில் பிச்சைமுத்து என்ற பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியது. இரண்டு டிஸ்கட்டில் போட்டுக் கொடுத்தார். அதை மெசினுக்குள் தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சாமான் மாதிரி.

ஒரு புதன்கிழமை காலை நான் மேலே ஏறியபோது புஷ்பராணி அக்கா காத்திருந்தார். பட்டர்வொர்த் துறைமுக ஆபீஸில் கிளார்க். இருபத்தைந்து வயது. கையில் இரண்டு தாள்கள்.

“ராஜு, உன் மெசினுக்குக் கண்ணு தெரியலையா?”

முதல் தாள் பழுப்பேறியது, கையால் எழுதியது. மேஷ லக்கினம், செவ்வாய் ஆறாம் வீட்டில். இரண்டாவது போன வாரம் எங்கள் பிரிண்டர் அடித்தது. மீன லக்கினம், செவ்வாய் ஏழாம் வீட்டில். இரண்டிலும் அதே பெயர், அதே தேதி: 1966 டிசம்பர் 15, மதியம் இரண்டே முக்கால், பட்டர்வொர்த்.

ஆறில் செவ்வாய் இருந்தால் ஒன்றுமில்லை. ஏழில் இருந்தால் தோஷம். தோஷமுள்ள பெண்ணைத் தோஷமுள்ள மாப்பிள்ளைதான் கட்டலாம் என்பது இவர்கள் கணக்கு. அக்கா கட்ட நினைத்திருந்த ஏரம்பமூர்த்திக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் ஜாதகமும் போன வருஷம் எங்கள் மெசினில்தான் அடித்தது. சுத்தமான ஜாதகம்.

இருவரும் இரண்டு வருஷமாகக் காலை ஏழரை ஃபெரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பதற்குத்தான் ஜாதகம். பொருந்திவிட்டால் அது பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பொருந்தாவிட்டால் அது ஃபெரியில் நடந்த கூத்து.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூர்த்தியோட அம்மா இங்க வராங்க. தோஷம்னு வந்துச்சுன்னா முடிஞ்சது லா. கே.எல்.ல ஒரு பல் டாக்டர் பொண்ணு போட்டோவை ஹேண்ட்பேக்லயே வச்சிருக்காங்க.”

“நீங்க சொன்னா நானே ஆறுன்னு டைப் அடிச்சுத் தரேன் அக்கா.”

“அது நடக்காது. அவங்க தங்கச்சி மகளுக்கு இப்படித்தான் யாரோ டைப் அடிச்சுக் குடுத்து ஏமாத்திட்டாங்களாம். பக்கத்துல உக்காந்து, கண்ணு முன்னால அடிச்சாத்தான் நம்புவாங்களாம்.”

கார்த்திகேசு ஐயா இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது பிழை.”

“ஐயா, அது உங்க கையெழுத்து” என்றேன்.

“கையெழுத்து சரி. கணக்குத்தான் பிழை. அறுபத்தேழில எனக்குக் கண்ணாடி இல்லை.” அக்காவைப் பார்த்தார். “உங்கட அப்பா இருந்திருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பேன் பிள்ளை.”

அக்கா என்னைப் பார்த்தார். அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் அழவில்லை, கொலை செய்யப் போகிறவர் மாதிரிப் பார்த்தார்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும். மீனத்தின் கடைசிக்கும் மேஷத்தின் தொடக்கத்துக்கும் இடையே எங்கோ கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தது. பிறந்த நேரத்தை மூன்றே கால் என்று கொடுத்துப் பார்த்தேன். மேஷம் வந்தது. ஆக, காணாமல் போனது அரை மணி நேரம்.

அரை மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1982 பிறந்த அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதுவரை லண்டனுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம், அன்றிலிருந்து எட்டு. தோட்டத்தில் மறுநாள் வழக்கமான நேரத்துக்குத்தான் சங்கு ஊதினார்கள். ஆனால் தூக்கத்தில் அரை மணி போய்விட்டது என்று என் அப்பா ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்துவின் கணக்கைத் திறந்து பார்த்தேன். யார் எப்போது பிறந்திருந்தாலும் எட்டு.

“கிடைச்சிருச்சு அக்கா. எண்பத்திரண்டுக்கு முன்னால பிறந்தவங்களுக்கு ஏழரைன்னு மாத்தணும். அஞ்சு நிமிஷ வேலை. நீங்க ஆபீசுக்குப் போங்க.”

“நிச்சயமா?”

“முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க.”

ஏழரை ஜோதிடக் கடையில் நல்ல எண் இல்லைதான். ஆனாலும் போட்டேன். வரிகளை எழுதினால் மட்டும் போதாது. மெசினுக்குப் புரிகிற வடிவில் அவற்றைச் சமைக்க வேண்டும். எதை எப்போது சமைப்பது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். ஒரே கட்டளை கொடுத்தால் மெசின் பட்டியலைப் படித்து, மாறியதை மட்டும் திரும்பச் சமைக்கும். கட்டளை கொடுத்தேன். எல்லாம் தயார் என்றது. அக்காவின் ஜாதகத்தை அடித்தேன்.

மீனம். செவ்வாய் ஏழில்.

வேறு விதமாக எழுதினேன். மீனம். பிச்சைமுத்துவின் வரிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நல்ல கையெழுத்துக்காரர் மாதிரி அழகாக எழுதியிருந்தார். ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. வியாழக்கிழமை மூன்றாவது விதமாக எழுதினேன். அதற்கும் மீனம்.

கார்த்திகேசு ஐயா என் பின்னால் நின்றார். “விட்டுடு தம்பி. மெசின் மூண்டு தரம் சொல்லிட்டுது. நீ கேக்கிற மாதிரி அது சொல்லாது.”

அன்று ஷிப்டில் எத்தனை மூடி விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்துக்கு ஞானாம்பிகை அம்மாள் படியேறி வந்தார். மூர்த்தியின் அம்மா. மடிப்புக் கலையாத சேலை, பெரிய ஹேண்ட்பேக். அதிலிருந்து இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து மேஜையில் வைத்தார். புஷ்பராணி அக்கா சுவரோரம் நாற்காலியில் இருந்தார். ஆபீசுக்கு வயிற்று வலி என்று சொல்லியிருந்தார்.

“நீர்தானோ புரோகிராமர்?”

“ஆமா ஆன்ட்டி.”

“எந்த ஊர்?”

“பைராம் தோட்டம். நிபோங் திபால் பக்கம்.”

“யூனிவர்சிட்டி முடிச்சனீரோ?”

“போனேன்.”

அவர் மேலே கேட்கவில்லை. போனேன் என்பதிலேயே எல்லாம் இருந்தது. நாற்காலியை இழுத்து என் முழங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“அடியும் பாப்பம்.”

வேறு வழியில்லை. அடித்தேன். பிரிண்டர் கிர்கிர் என்று முன்னும் பின்னும் ஓடி, தாளைத் துப்பியது. மீனம். ஏழு. அம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். அவர் கை ஹேண்ட்பேக்கின் கொக்கியைத் தொட்டது. பல் டாக்டர் உள்ளே இருந்தாள்.

“ஒரு நிமிஷம் ஆன்ட்டி. மெசின் சூடாகல.”

அவரைத் தடுக்க வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்குள் ஒரு கிறுக்குத்தனம் தோன்றியது. ஏழரை என்று எழுதிய இடத்தில் எழுபத்தைந்து என்று போட்டேன். பினாங்கு பூமியிலேயே இல்லாத ஓர் இடத்துக்குப் போனது. மூன்று நாள் முன்னால் பிறந்தது போல எல்லாக் கிரகமும் சிதற வேண்டும். கட்டளை கொடுத்தேன். எல்லாம் தயார் என்றது. அடித்தேன்.

மீனம். செவ்வாய் ஏழில். ஒரு இம்மி அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெசின் நான் எழுதியதைப் படிக்கவே இல்லை. பட்டியலைத் திறந்தேன். நான் எழுதிய பட்டியல், என் மூளையில் உதித்தது. என் பகுதிகளுக்கு, தேதி பார், மாறியிருந்தால் திரும்பச் சமை என்று எழுதியிருந்தேன். பிச்சைமுத்துவின் பகுதிக்கு இப்படி: சமைத்தது இருக்கிறதா பார். இருந்தால் விட்டுவிடு.

ஏனென்றால் அதைச் சமைக்க அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு நாற்பது நிமிஷம் பிடிக்கும். எனக்குத் தூக்கம் வரும். தவிர, அடுத்தவர் எழுதியதை யார் திருத்தப் போகிறார்கள்? மூன்று நாளாக நான் புதுப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் ஒரு வருஷத்துப் பழைய குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

சமைத்து வைத்திருந்ததை அழித்தேன். கட்டளை கொடுத்தேன். மெசின் முதல் தடவையாக உண்மையிலேயே முனகத் தொடங்கியது.

“நாற்பது நிமிஷம் ஆகும் ஆன்ட்டி.”

“செவ்வாய்க்குப் போயிட்டு வருதோ?” என்றார் அம்மாள்.

கீழே அப்துல் ஹமீது கடையிலிருந்து, பால் சேர்க்காத கோப்பி ஓ நாலு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“உமக்கு எங்கட மூர்த்தியைத் தெரியுமோ?”

“இல்ல ஆன்ட்டி” என்றார் புஷ்பராணி அக்கா.

“ஃபெரியில கண்டிருப்பீர்.”

“ஃபெரியில நெறைய பேர் வராங்க ஆன்ட்டி.”

“ஓம். ஏழரை ஃபெரியில, என்ஜின் பக்கத்துப் பெஞ்சில, அவ்வளவு பேர் இல்லை.” கோப்பியை ஊதினார். “ரெண்டு கிழமையா வீட்டில வாய் திறக்கிறான் இல்லை. சோத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். என்ர தங்கச்சிக்குக் காட்ட எனக்கு ஒரு நல்ல தாள் வேணும் பிள்ளை. வேற ஒண்டும் இல்லை.”

அக்கா கோப்பியைக் கீழே வைத்தார். அந்த அம்மாள் எங்கள் பக்கம் என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஆனால் தாள் நேர்மையாக வர வேண்டும். அவர் கண்ணெதிரே வர வேண்டும்.

மெசின் முனகி முடித்தது. நான் அடித்தேன். தாள் வெளியே வந்ததும் அம்மாள் பறித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது ஒரு பக்கமாக இழுத்தது.

“மூலமோ?”

“என்னது?”

“மூல நட்சத்திரம்! கொஞ்சம் முந்தித் திருவோணம் எண்டு அடிச்சுத் தந்தனீங்கள். இப்ப மூலமோ? மாமனாருக்கு ஆகாது! எங்கட அவருக்குப் பைபாஸ் செய்து ஆறு மாசம் ஆகேல்ல!”

எழுபத்தைந்து. அந்தக் கிறுக்குத்தனத்தை எடுக்க மறந்திருந்தேன். மூன்று நாளாக எதைத் திருத்தினாலும் கேட்காத மெசின், திருத்தாமல் விட்டதை உடனே கேட்டுக்கொண்டது.

“என் தப்பு ஆன்ட்டி. ஒரு புள்ளி விட்டுப்போச்சு.”

“புள்ளியோ? எங்கட அவரைக் கொல்லப் பாத்துட்டீர்!”

கார்த்திகேசு ஐயா தாளை வாங்கிப் பார்த்தார். நிலா இருக்கிற இடத்தைப் பார்த்தார். பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். நான் அங்கே வேலைக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் அந்த அலமாரி திறந்து பார்த்ததில்லை.

“அந்தத் தேதிக்கு மூலம் வராது” என்றார். குரலில் ஏதோ உடைந்திருந்தது. கையில் அறுபத்தாறாம் வருஷப் பஞ்சாங்கம்.

எழுபத்தைந்தை ஏழரை ஆக்கினேன். கட்டளை கொடுத்தேன். இரண்டு வினாடியில் எல்லாம் தயார் என்றது. அவசரத்தில் அடித்தும்விட்டேன்.

மூலம்.

“திரும்பவுமோ!” அம்மாள் எழுந்து நின்றார்.

“ராஜு” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “நீ உண்மையிலேயே யூனிவர்சிட்டிக்குப் போனியா, இல்ல அந்த பஸ்ல ஏறி எறங்கினியா?”

பட்டியல் இன்னும் அதே பட்டியல்தான். சமைத்தது இருக்கிறதா, இருந்தால் விட்டுவிடு. அழித்தேன். திரும்பவும் நாற்பது நிமிஷம். அம்மாள் உட்கார்ந்தார். போகாததற்கு ஒரே காரணம், இன்னும் நல்ல தாள் கிடைக்கவில்லை.

மெசின் முனகிக்கொண்டிருந்தது. ஐயா பென்சிலைச் சீவி, பஞ்சாங்கத்தை விரித்து, ஒரு பழைய உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். கூட்டினார், கழித்தார், விரல் விட்டு எண்ணினார். அந்தக் காலத்து நேரம் ஏழரை என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவர் கைக்கு அது பழக்கம். மெசினுக்கு ஐந்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது பென்சிலை வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். மேஷம், செவ்வாய் ஆறில். பிறகு அவர் அந்த உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெசின் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மெசின் சொன்னது. மேஷ லக்கினம். திருவோணம். செவ்வாய் ஆறாம் வீட்டில்.

“பாத்தியளோ” என்றார் ஐயா. “மெசின் பிழை விடாது.”

அம்மாள் தாளை மூன்று தடவை படித்தார். பிறகு புஷ்பராணி அக்காவைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்த தாடை உடனே பிடி கொடுக்கவில்லை.

இத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தூக்கமில்லாதவனுக்கு வாய் தனியாக ஓடும்.

“ஆன்ட்டி, மாப்பிள்ளையும் எண்பத்திரண்டுக்கு முன்னால பிறந்தவர்தானே. அவர் ஜாதகம் பழைய கணக்குல அடிச்சது. அதையும் திரும்ப அடிக்கணும்.”

ஐயா மேஜைப் பக்கம் குனிந்தார்.

மூர்த்தியின் சான்றிதழ் மேஜையில் கிடந்தது. 1963 ஆகஸ்ட் 10, காலை ஏழு இருபது. அதோடு சேர்த்து வைத்திருந்த போன வருஷத் தாளில் கடக லக்கினம், செவ்வாய் மூன்றில். ஐயா அதைப் பார்த்தார். அரை மணி தள்ளினால் கடகம் முடிந்து சிம்மம். சிம்மத்திலிருந்து எண்ணினால் செவ்வாய் இரண்டில். இரண்டில் செவ்வாய் இருந்தாலும் தோஷம்தான். ஐயாவின் கட்டைவிரல் இரண்டாவது ரேகையில் வந்து நின்றது. என் விரலும் அங்கேதான் நின்றது. அக்காவின் விரலும் முந்தானைக்குள் நகர்ந்ததைப் பார்த்தேன்; ஒரு வாரமாக இந்தக் கணக்கோடு குடும்பம் நடத்தியவர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஞானாம்பிகை அம்மாளுக்கு எண்ணத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மூர்த்தியின் பழைய தாளை எடுத்து, புதுத் தாளோடு சேர்த்து, நாலாக மடித்தார்.

“அவன்ர தாள் ஏற்கனவே இருக்குத்தானே தம்பி” என்றார். “நல்ல தாள். இருக்கிறதை என்னத்துக்குத் திரும்பச் செய்யோணும்?”

என் பட்டியலில் நான் எழுதியிருந்ததும் அதே வரிதான். மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

“ஓம், ஓம்” என்றார் ஐயா அவசரமாக. “அது போன வருசம் அடிச்சது. மெசின் அடிச்சது.”

பொருத்தம் அடித்தேன். பத்தில் எட்டு. உத்தமம்.

அம்மாள் ஹேண்ட்பேக்கைத் திறந்து தாள்களை உள்ளே வைத்தார். இடம் போதவில்லை. ஒரு போட்டோவை வெளியே எடுத்து, இரண்டாகக் கிழித்து, காலிக் கோப்பிக் கிளாசுக்கு அடியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

புஷ்பராணி அக்கா வாசலில் நின்றார்.

“ராஜு, அந்த ரெண்டாம் வீடு...”

“எந்த ரெண்டாம் வீடு அக்கா?”

“ஒண்ணுமில்ல லா. போய்த் தூங்கு.”

நான் தூங்கப் போகவில்லை. பட்டியலைத் திறந்து, பிச்சைமுத்துவின் பகுதிக்கும் தேதி பார்க்கச் சொல்லித் திருத்தினேன். இனி மெசின் எதையும் பழையதாக விட்டு வைக்காது. பிறகு மூர்த்தியின் ஜாதகக் கோப்பைத் தேடி எடுத்து, டிஸ்கட்டில் போட்டு, பஞ்சாங்கத்துக்குப் பின்னால் அலமாரியில் வைத்தேன். மெசினிலிருந்து அதை அழித்தேன். ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.